மூட்டையக்காவின் ரத்தத்துக்கு மறதி இல்லை

மூட்டையக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்பது ஸ்டேஷனில் ஒருவருக்கும் நினைவில்லை. அவளுக்கு நினைவிருக்கிறது. கேட்டால் சொல்ல மாட்டாள். ஆனால் அந்த ஆள் எதிரே வந்தால் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ரயில் நிலையத்தின் மூன்றாம் வாசலை ஒட்டி, பயணிகள் பெட்டி படுக்கைகளை ஒப்படைத்துவிட்டுக் கைவீசிக்கொண்டு போகும் க்ளோக் ரூமில் அவளுக்கு வேலை. கம்பிச் சன்னல், அதற்குக் கீழே தேய்ந்த மரப்பலகை, பின்னால் கூரை வரைக்கும் இரும்பு அடுக்குகள். சாமானை வாங்கும்போது பிடியைத் தொட்டு, அடியைத் தடவி, ஒருமுறை தூக்கி இறக்குவாள். பிறகு எண் போட்ட ஒரு பித்தளை வில்லையைக் கொடுப்பாள். அந்த வில்லை மேலதிகாரிகளின் திருப்திக்காக மட்டும்தான். திரும்ப வருகிறவர் பையில் கைவிட்டு வில்லையைத் துழாவி எடுப்பதற்குள் அவருடைய பெட்டி பலகைமேல் வந்து உட்கார்ந்திருக்கும். கீழே கிடந்த வில்லை ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு ஒருவன் வந்து நின்றபோது, "தம்பி, உங்களுக்கு இங்க பையே கிடையாது. வந்த வழியாப் போங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

எண்ணெய் டின்காரர் கதையை ஸ்டேஷனில் எல்லோரும் சொல்வார்கள். ஒருமுறை அவர் விட்டுவிட்டுப் போன டின் ஒழுகி, கீழ் அடுக்கில் இருந்த ஒரு கல்யாணப் பெண்ணின் துணிப்பெட்டியை நாசம் செய்துவிட்டது. பல வருடம் கழித்து அவர் தலை நரைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு தோல் பெட்டியோடு வந்தார். பெட்டியில் காகிதங்களைத் தவிர ஒன்றுமில்லை. மூட்டையக்கா ஏறிட்டுப் பார்த்தாள். "மன்னிக்கணும் சார். உங்க சாமானை இங்க வைக்க முடியாது. உங்க டின் ஒழுகும்." "டின்னா? எந்த டின்?" என்று அவர் திகைத்தார். அவருக்கே மறந்துபோயிருந்தது. அவள் மசியவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது அந்த 'சார்'. மூட்டையக்கா தனக்கு வேண்டியவர்களைத் திட்டுவாள். போர்ட்டர்களைத் திட்டுவாள், டீக்கடைக்காரரைத் திட்டுவாள், பெற்ற பிள்ளையை மூச்சுக்கு மூச்சு திட்டுவாள். யாரிடமாவது மரியாதையாகப் பேச ஆரம்பித்தாள் என்றால் அந்த ஆளைக் கைகழுவிவிட்டாள் என்று அர்த்தம்.

பிள்ளை ஒருவன்தான். லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்கக் கட்டடங்களின் உச்சியில் கிரீஸும் கையுமாக நிற்பவன். அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அப்பா செத்துப்போய்விட்டார். அவர் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர், தங்கமான மனுஷர், ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடாத நாள் கிடையாது. சன்னலைத் திறந்து வைப்பதா சாத்தி வைப்பதா என்பதிலேயே இருவருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அவர் போன பிறகு மூட்டையக்கா அந்தச் சன்னலை அவருடைய இஷ்டப்படி திறந்தே வைத்திருந்தாள்.

அப்புறம் தம்பி ஒருவன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். அக்கா வீட்டிலிருந்து எதை எடுத்துக்கொண்டு போனாலும் திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. குடை போயிற்று, ஏணி போயிற்று, கடைசியாக இஸ்திரிப் பெட்டியும் போயிற்று.

மூட்டையக்காவின் சிறுநீரகங்கள் சத்தம் போடாமல் கெட்டுப்போயின. காலில் வீக்கம் வந்தபோது நின்றுகொண்டே வேலை செய்வதால் என்று நினைத்தாள். மூச்சு வாங்கியபோது வயசாகிவிட்டது என்று நினைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டும் அநேகமாக ஓய்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். அதிலிருந்து ஒன்றுவிட்டு ஒருநாள் டயாலிசிஸ். கையில் ஊசி குத்திக்கொண்டு, ரத்தம் முழுவதும் குழாய் வழியாக வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். வேலையை விடவில்லை. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் சன்னலுக்குப் பின்னால் இருப்பாள். ஆனால் பெரிய பெட்டிகளைப் போர்ட்டர்கள்தான் தூக்கி வைக்க வேண்டியிருந்தது.

"என்னோடதுல ஒண்ணு எடுத்துக்கம்மா" என்றான் மகன், ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே. ஏதோ தன் தட்டிலிருந்து ஒரு துண்டு ரொட்டியை எடுத்துக்கொள்ளச் சொல்கிற மாதிரி.

"போடா. உனக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகலை."

"கல்யாணத்துக்கு எத்தனை கிட்னி வேணும்?"

இதைக் கேள்விப்பட்ட தம்பியும் வந்து நின்றான். "அக்கா, நானும் டெஸ்ட் எடுத்துக்கறேன்." மூட்டையக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நீ முதல்ல என் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டா. கொடுக்கறவன் மூஞ்சியைப் பாரு."

மகன் ஒற்றைக்காலில் நின்றான். சாப்பிட மறுத்தான், கெஞ்சினான், கத்தினான். பிள்ளை உடம்பில் கத்தி வைப்பதா என்று அவள் மறுத்துப் பார்த்தாள். கடைசியில் சரி என்றாள். சொன்னபின், வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்கு உயிர் வாழும் ஆசையும் வந்துவிட்டது.

டயாலிசிஸ் வார்டில் அவளுக்கு அடுத்த படுக்கையில் இருந்தவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். மெஷின் ஓடும்வரை வாயும் ஓடும். மகன் தரப்போகிறான் என்று கேட்டதும் ரேடியோ குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நல்லதுதான். ஆனா கடைசி நிமிஷத்துல பயம் வந்துடும் பாருங்க, பாவம். டாக்டருங்க நல்லவங்க. கொடுக்கறவங்களைத் தனியாக் கூப்பிட்டுக் கேப்பாங்க. இஷ்டமில்லைன்னு சொல்லிட்டா, 'பொருந்தலை'ன்னு வெளியில சொல்லிடுவாங்க. யாருக்கும் மனஸ்தாபம் வராது. எங்க சொந்தத்துலயே அப்படித்தான் ஆச்சு."

மூட்டையக்கா அதைக் கேட்டுக்கொண்டாள். கேட்டதை மறக்கிற பழக்கம்தான் அவளுக்குக் கிடையாதே.

அந்த வாரமே டாக்டர் மகனைத் தனியாக உள்ளே கூப்பிட்டார். கதவு சாத்திக்கொண்டது. வெளியே வந்தவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான், நேராகப் போய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தான். உண்மையில் ரத்தம் எடுத்ததில் தலை சுற்றியிருந்தது, அவ்வளவுதான். அடுத்த முறை போனபோது டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். "ரத்த குரூப் சரியா இருக்கு. ஆனா அடுத்த டெஸ்ட்ல பொருந்தலை. உங்க மகனோடது வேண்டாம்." அதற்குமேல் விளக்க அவருக்கு நேரமில்லை, வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள்.

மூட்டையக்காவுக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "பரவாயில்ல டாக்டர்" என்றாள். பிறகு மகனைப் பார்த்து, "பரவாயில்லப்பா" என்றாள்.

'டா' போய் 'ப்பா' வந்ததை மகன் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

பிறகுதான் ஒவ்வொன்றாகப் பட்டது. நேரம் கழித்து வந்தால் அம்மா எங்கே போனாய் என்று கேட்பதில்லை. கிரீஸ் கறையோடு நாற்காலியில் உட்கார்ந்தால் கத்துவதில்லை. "சாப்பிடறியாப்பா?" "களைப்பா இருக்கியாப்பா?" என்று தேன் ஒழுகப் பேசினாள். அவனுக்குப் புதுச் சட்டை ஒன்று வாங்கி வைத்திருந்தாள். திட்டு வாங்கியே வளர்ந்தவனுக்கு இந்தக் கனிவு முள்ளாகக் குத்தியது. எண்ணெய் டின்காரரிடம் அம்மா எப்படிப் பேசினாள் என்று அவனுக்கும் தெரியும். ஏன் தன்னிடம் அப்படிப் பேசுகிறாள் என்றுதான் புரியவில்லை.

அவள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவள் அவனை வெறுக்கவில்லை. சின்னப் பையன், பயந்துவிட்டான், மன்னித்துவிட்டோம் என்றே நினைத்தாள். மன்னித்ததில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஆனால் படுக்கையில் குழாய்களோடு கிடக்கும்போது, அந்தச் சாத்திய கதவு கண்முன்னால் வந்து நிற்கும். என்னிடமே சொல்லியிருக்கலாமே, நானா கேட்டேன் என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் மாடிப்படி ஏறி வரும்போது உள்ளே அம்மாவின் தம்பி இருந்தான். அம்மாவின் குரல் கேட்டது. "அவனைக் குத்தம் சொல்லக் கூடாதுடா. பயந்துட்டான். டாக்டர்கிட்ட சொல்லி, பொருந்தலைன்னு சொல்ல வெச்சுட்டான். நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கலை."

மகன் கதவருகிலேயே நின்றுவிட்டான். பிறகு உள்ளே வந்தான்.

"நான் பயந்தேன்னு யாரும்மா உனக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லலைப்பா. விடு. பரவாயில்ல."

"ப்பாவும் வேண்டாம், பரவாயில்லையும் வேண்டாம்! திட்டும்மா! ஏமாத்திட்டேன்னு நினைச்சா நாலு அறை விடு. எந்நேரமும் இப்படி விருந்தாளி மாதிரி நடத்தாத. நாளைக்கு நீ என்கூட வர்ற. உன் கண்ணு முன்னாடி மறுபடியும் டெஸ்ட் பண்ணச் சொல்றேன்."

தம்பி மெதுவாக எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான்.

அந்த ஆஸ்பத்திரியில் பொருத்தம் பார்க்கும் பரிசோதனைக்கூடம் பின்கட்டில் இருந்தது. சின்ன அறை, ஒரு குளிர்பெட்டி, இருட்டுத் திரை போட்ட மூலையில் ஒரு மைக்ராஸ்கோப். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணை எல்லோரும் லேப் அம்மா என்பார்கள். இந்தச் சோதனையை எப்படியும் இன்னொரு முறை செய்வது வழக்கம்தான் என்று டாக்டர் சம்மதித்திருந்தார். நோயாளி பார்க்க வேண்டும் என்று கேட்பது மட்டும் லேப் அம்மாவுக்குப் புதிது. "பாருங்க, எனக்கென்ன. தினம் நான் ஒருத்தியேதான் பாக்கறேன்" என்றாள்.

இருவரிடமும் ரத்தம் எடுத்தாள். மத்தியானம்வரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னாள். அம்மாவும் பிள்ளையும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கூப்பிட்டதும் மூட்டையக்கா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். இருட்டில் பச்சைப் பச்சையாகப் புள்ளிகள் மின்னின.

"அது உங்க மகனோட வெள்ளை அணுக்கள். ஒப்பிட்டுப் பாக்க, யாரோ ஒரு ஆம்பளையோட ரத்தத் தெளிவுல, அணுக்களைப் பிரிச்ச மேல்தண்ணியில, போட்டு வெச்சிருக்கேன். உயிரோட இருந்தா பச்சை" என்றாள் லேப் அம்மா. பிறகு தட்டை லேசாக நகர்த்தினாள். "இதுவும் உங்க மகனோடதுதான். இது உங்க ரத்தத் தெளிவுல."

எல்லாம் சிவப்பாக இருந்தது.

"சிவப்புன்னா?"

"செத்துப்போச்சு."

மூட்டையக்கா கண்ணை எடுக்கவில்லை. "எது கொன்னுச்சு?"

"உங்க ரத்தத்துல இருக்கறதுதாம்மா. உங்க மகன் பேர்ல ஒரு தப்பும் இல்லை. அவர் கொடுக்கறார், உங்க உடம்பு வாங்க மாட்டேங்குது. இதை வெச்சா, ஆபரேஷன் மேஜையிலேயே அந்தக் கிட்னி கருத்துப்போயிடும்."

அவள் நிமிர்ந்தாள். திரைக்குப் பக்கத்தில் மகன் நின்றிருந்தான். அவனைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"நான் பெத்த பிள்ளைம்மா அவன்" என்றாள் லேப் அம்மாவிடம். "என் வயித்துல இருந்தவன். அவனை எப்படி என் ரத்தம்..."

"உங்க வயித்துல இருந்ததாலதான்" என்றாள் லேப் அம்மா. "உங்களுக்கு எப்பவாவது ரத்தம் ஏத்தியிருக்காங்களா? இல்லையா? அப்போ உங்க ரத்தம் இவர்கிட்டேர்ந்துதான் இதைக் கத்துக்கிட்டிருக்கு. பிள்ளைன்னா பாதி உங்களுது, பாதி அப்பாவோடது. அந்த அப்பாவோட பாதி உங்க உடம்புக்கு வெளியாள். பிள்ளையோட ரத்தம் துளித்துளியா உங்க ரத்தத்துல கலக்கும், முக்கியமாப் பிரசவத்தப்போ. அப்போ உங்க உடம்பு அந்த வெளியாளைப் பாத்து வெச்சுக்கிச்சு. இத்தனை வருஷம் ஆகியும் மறக்கலை."

"அந்த மனுஷனோட இருபது வருஷம் குடும்பம் நடத்தினேன். நானே ஏத்துக்கிட்டேன். இந்த ரத்தத்துக்கு என்ன கேடு?" என்றாள் மூட்டையக்கா.

லேப் அம்மா சிரித்துவிட்டாள். மகனும் சிரிக்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டான்.

ஆனால் மூட்டையக்காவின் மனது அந்தச் சிவப்புப் புள்ளிகளிலேயே இருந்தது. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள். "அப்போ வயித்துல இருக்கும்போது இவனை நான் என்ன பாடு படுத்தினேன்?"

"ஒரு பாடும் படுத்தலை." லேப் அம்மா கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். "அதுதாம்மா ஆச்சரியம். நஞ்சுக்கொடி இருக்கு பாருங்க, அது பிள்ளையோட பக்கத்துலேர்ந்து வளர்றது. உங்க சதைக்குள்ள வேர் விடறது. வேற எந்த வெளிச்சதையா இருந்தாலும் உங்க உடம்பு ரெண்டே வாரத்துல துரத்தியிருக்கும். ஆனா அந்த எல்லையில நிக்கற பிள்ளையோட செல்கள், அப்பாவோட அடையாளத்தைப் பெரும்பாலும் வெளியில காட்டாது. உங்க பக்கத்துக் காவல் செல்களும் அங்க போய்க் கூடும். சண்டை போட இல்ல. பிள்ளைக்கு ரத்தம் தாராளமாப் போக, குழாயை அகலப்படுத்திக் கொடுக்கும். இன்னும் சில செல்கள் மத்ததை எல்லாம் அடங்கியிருன்னு அதட்டி வெச்சிருக்கும். இவருக்கு எதிரா உங்க ரத்தத்துல அப்பவே ஏதாவது வந்திருந்தாலும், நஞ்சுக்கொடி வழியிலேயே பிடிச்சு வெச்சுக்கும், பிள்ளைகிட்ட விடாது. நீங்க முன்னாடி பட்ட காய்ச்சலுக்கெல்லாம் மருந்து மாதிரி உங்க ரத்தத்துல இருந்ததை மட்டும் கடைசி மாசங்கள்ல பொறுக்கி அவருக்கு அனுப்பியிருக்கும். பொறந்து சில மாசம் அதை வெச்சுத்தான் இவர் பொழைச்சார்."

மூட்டையக்கா தன் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரியாமல் அவளுக்குள்ளே இவ்வளவு நடந்திருக்கிறது. வெளியாள் என்று தெரிந்தும் உடம்பு வைத்துப் பாதுகாத்திருக்கிறது. ஒப்படைத்த பிறகுதான் கதவைச் சாத்தியிருக்கிறது. தன் புத்தியே தன் ரத்தத்துக்கும் இருப்பதை நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகை முந்திக்கொண்டது.

"என் கிட்னி நல்லா இருந்து, இவனுக்கு வேணும்னா நான் கொடுக்கலாமா?" என்று கேட்டாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"அநேகமாக் கொடுக்கலாம். பிள்ளை உடம்புல அம்மாவுக்கு எதிரா இப்படி இருக்கறது அபூர்வம். கொடுக்கத்தான் முடியும், வாங்கத்தான் முடியாது."

"அது எல்லா அம்மாவுக்கும் தெரிஞ்சதுதானே" என்றாள் மூட்டையக்கா.

வெளியே வந்தார்கள். மகன் பெஞ்சில் உட்கார்ந்தான். இந்த முறை அவள் இடம் விடாமல் ஒட்டி உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. வார்த்தை எங்கே இருக்கிறது என்று தேடுகிறவள் மாதிரி முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உன்னைக் கோழைன்னு நினைச்சுட்டேன்டா" என்றாள் கடைசியில். "வாசல்ல நின்னு உன்னோடதை வேண்டாம்னு சொன்னது நான்தான், என் ரத்தம்தான். பழியை உன்மேல போட்டுட்டேன்."

அந்த 'டா' அவன் காதில் விழுந்தது. கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

"அழாதடா எருமை. எல்லாரும் பாக்கறாங்க."

தம்பியைச் சோதித்தார்கள். பொருந்தியது. லேப் அம்மாவே முடிவைச் சொல்ல வந்தாள். "உங்க அப்பாகிட்டேர்ந்து ரெண்டு பேருக்கும் ஒரே பங்கு வந்திருக்கு. உங்க அம்மாவோட பங்குலதான் வித்தியாசம். உங்களுக்கு வராதது தம்பிக்குப் போயிருக்கு. ஆனா அதுக்கு எதிரா உங்க ரத்தத்துல ஒண்ணுமே இல்லை. நீங்களும் உங்க அம்மா வயித்துல அதுக்கு நடுவுலதானே கிடந்தீங்க. சிலருக்கு அந்தப் பழக்கம் வளர்ந்த பிறகும் விட்டுப்போறதில்லை."

ஆபரேஷனுக்கு முந்தின நாள் தம்பி ஒரு துணிப்பையோடு வந்தான். உள்ளே இஸ்திரிப் பெட்டி இருந்தது. "ரெண்டுல ஒண்ணு போதும்னா சொல்லு அக்கா, இதை எடுத்துட்டுப் போயிடறேன்." மூட்டையக்கா பெட்டியை வாங்கி, பிடியைத் தொட்டு, அடியைத் தடவிப் பார்த்தாள். அடியில் கருகியிருந்தது. தம்பிக்கு அரைமணி நேரம் திட்டு விழுந்தது. அவன் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

இப்போது அவள் மறுபடியும் கம்பிச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள், முகத்தில் ஒரு துணிக்கவசத்தோடு. கனமான பெட்டிகளை இன்னும் தூக்கக் கூடாது. வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். காலையில் மகன்தான் அவற்றை எடுத்துக் கையில் வைத்து, தண்ணீர் டம்ளரோடு நிற்பான். தம்பியின் சிறுநீரகத்தை உடம்பு துரத்தாமல் இருக்கத்தான் இந்த மாத்திரைகள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"இதைச் சாப்பிட்டா உன் உடம்பு அடங்கி இருக்கும்மா. பழைய கோபத்தை எல்லாம் கொஞ்சம் மறந்துடும்" என்றான் மகன் ஒருநாள். "எண்ணெய் டின்காரருக்கு யோகம்தான்."

அவள் மாத்திரைகளை வாயில் போட்டு, தண்ணீரைக் குடித்து, டம்ளரை அவனிடம் நீட்டினாள்.

"அவரை மறந்தா மறந்துட்டுப் போகட்டும்" என்றாள். "உன்னைத் தப்பா நினைச்சேனே, அதை மட்டும் மறக்க மாட்டேன்டா."